இருபத்தொரு நிமிடங்கள்

மொழியியல் துறையின் இரண்டாம் மாடியில், வடக்குப் பார்த்த அறையொன்றில், பேச்சுக் களஞ்சியம் இயங்கி வந்தது. களஞ்சியம் என்றதும் மூட்டைகளும் எலிகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கு இரண்டும் இல்லை. ஓர் இரும்பு அலமாரி, நான்கு கணினிகள், காது முழுவதையும் மூடும் எட்டு ஹெட்போன்கள், சுவரில் ஓர் அறிவிப்பு, அவ்வளவே. ‘கேட்டதை எழுதுக, கேட்க விரும்பியதை எழுதற்க’ என்பது அவ்வறிவிப்பு.

சேமிக்கப்பட்ட பொருள் மனிதப் பேச்சு. முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்து, ஆளுக்கு அரைமணி நேரமேனும் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பேசியதைச் சொல் சொல்லாகத் தட்டச்சிட்டு, எந்தச் சொல் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிந்தது என்பதையும் குறிக்க வேண்டும். பின்னர் வேறொரு மாணவர் அப்பதிவை முழுவதும் கேட்டு, எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகின்றன என்று ஒப்பமிடுவார். அவருக்கு ‘இரண்டாம் செவி’ என்று பெயர். அவர் ஒப்பமிட்டபின் அப்பேச்சு பொதுச் சொத்து. எந்த நாட்டு ஆய்வாளரும், எந்த மருத்துவமனையும், பேச்சை உணரும் இயந்திரம் செய்கின்ற எந்த நிறுவனமும் அதனைக் கேட்டுப் பெறலாம். பன்னிரண்டும் ஏற்கப்பட்டால்தான் பட்டம்.

இந்தத் துறையில் ‘அக்கா’ என்று அழைக்கப்பட்டவளுக்கு வயது நாற்பத்து நான்கு. உடன் படித்தோர்க்கோ இருபத்திரண்டு, இருபத்துமூன்று. பதினெட்டு ஆண்டுகள் சட்டை தைக்கும் ஆலையில் இறுதிச் சோதனை மேசையில் நின்றவள் அவள். தைத்து முடிந்த சட்டை மேசைக்கு வரும். காலர், கை, பொத்தான்துளை, ஓரமடிப்பு என்று விரலால் தடவி, நீட்டிக்கொண்டிருக்கும் நூற்பிசிறுகளைச் சிறு கத்தரியால் நறுக்கி, மடித்துத் தள்ளிவிட வேண்டும். நாளொன்றுக்கு நானூறு சட்டைகள். அஞ்சல்வழியில் இளங்கலை முடித்து, ஆலையை விட்டு, முதல் நாள் வகுப்பறைக்குள் அவள் நுழைந்தபோது, ஆசிரியர் வந்துவிட்டார் என்று எண்ணி மாணவர் அனைவரும் எழுந்து நின்றனர். அவர்களை உட்காரச் சொல்லிவிடலாமா என்று அவளும் ஒரு கணம் யோசித்தாள்.

பதினொரு பேரை அவள் குறையின்றி முடித்திருந்தாள். வாடகைக் கார் ஓட்டுநர், செவிலி, நீச்சல் பயிற்சியாளர், பல் மருத்துவரின் வரவேற்பறைப் பெண் என்று பலதரப்பட்டோர். அவர்கள் விட்ட ஒவ்வொரு ‘ம்’மையும், ‘அது வந்து’வையும், தும்மலையும் அவள் எழுத்தில் ஏற்றியிருந்தாள். செவிலி நான்கு முறை கொட்டாவி விட்டதும் நொடிக்கணக்குடன் அதில் இருந்தது.

பன்னிரண்டாமவன் அவளுடைய தம்பி.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். நான்கு வயதில் பேச்சுத் திக்கத் தொடங்கியது. அதன்பின் அது அவனை விட்டு நீங்கவில்லை. ஒரு சொல்லின் வாசலில் நின்று, முதல் எழுத்தையே தட்டித் தட்டி, சில வேளைகளில் ஒலியே எழாமல் முகம் சிவந்து, பிறகு ஒருவாறு உள்ளே நுழைவான். அவனைப் பேச அழைத்து மூன்று மாதங்கள் கெஞ்சினாள். “உலகம் பூரா கேக்கும்டா, ஆஸ்பத்திரி, யுனிவர்சிட்டி, ஃபோன் கம்பெனி எல்லாம் வாங்கிட்டுப் போவாங்க” என்று ஆசை காட்டினாள். அவன் அசையவில்லை. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, “ச-ச-சரி, பண்ணு” என்றான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று அவள் உள்ளம் குளிர்ந்தாள். காரணம் கேட்கவில்லை.

பதிவு செய்வதற்கு முன் அறையை ஊமையாக்க வேண்டும் என்பது பயிற்சியின் பாலபாடம். அவள் சன்னலை அடைத்தாள், மின்விசிறியை நிறுத்தினாள், குளிர்ப்பெட்டியின் செருகியையும் பிடுங்கிவிட்டாள். சுவர்க்கடிகாரத்தை மட்டும் மறந்தாள். தம்பி ஐம்பத்திரண்டு நிமிடங்கள் பேசினான். வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அவள் கேட்டதில்லை.

மறுநாள் பிற்பகல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சிட அமர்ந்தபோதுதான் இடர் தொடங்கிற்று. நேரில் கேட்டபோது அவன் முகம் இருந்தது, கைகள் இருந்தன, கண்ணில் சிரிப்பு இருந்தது. காதுக்குள் வந்தபோது திக்கல் மட்டுமே பெரிதாகி நின்றது. முகமறியாத யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் இதனைக் கேட்டு உதட்டைச் சுழிப்பதை அவள் கற்பனை செய்தாள். பள்ளியில் அவன் பாடம் வாசிக்க எழும்போது, ஒரு சொல்லுக்கு எத்தனை முறை திக்குகிறான் என்று பின்வரிசைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணியது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

முதலில் ஓரிடத்தில் மட்டும் வெட்டினாள். பதினொரு நொடி நீண்ட ஒரு திணறல் அது. வெட்டிய இரு முனைகளையும் ஒட்டினாள், ஒட்டியது தெரியவில்லை. பிறகு அவள் கை பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. நான்கு பிற்பகல்கள் அவள் நிமிரவே இல்லை. முடிவில் தம்பி முப்பத்தொரு நிமிடங்களுக்குத் தங்குதடையின்றி, மடை திறந்த வெள்ளமாகப் பேசினான். அவள் கேட்டுக் கண்கலங்கினாள். ஒலிப்பதிவுக் கருவி துறைக்குரியது. அடுத்தவர்க்குத் தரும்முன் அதனைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறே காலி செய்து ஒப்படைத்தாள். கணினியில் வெட்டிய பதிவு மட்டுமே மிஞ்சியது. ஐம்பத்திரண்டு நிமிடங்கள் அத்துடன் உலகில் இல்லாமற்போயின.

அவளுக்கு இரண்டாம் செவியாக வாய்த்தவள் இருபத்துமூன்று வயதுப் பெண். அடுத்த அறையில் ஊசி விழுந்தால் அது எந்த நம்பர் ஊசி என்று சொல்வாள் என்பதனால் ‘பாம்புச்செவி’ என்று அவளுக்குப் பெயர். புதன்கிழமை நண்பகல் அவள் அக்காவைக் களஞ்சிய அறைக்கு அழைத்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக் கடிகாரத்துக்கு உடம்பு சரியில்லையா?”

“ஏன்? நல்லாத்தானே ஓடுது.”

“ஓடலை, நொண்டுது. கேட்டுப் பாருங்க.”

ஹெட்போனைத் தந்தாள். தம்பியின் பேச்சுக்கு அடியில், வெகு மெலிதாக, கடிகாரத்தின் நொடியோசை இருந்தது. டிக், டிக், டிக் என்று சீராக வந்து, திடீரென்று இரண்டு டிக் ஒன்றன்மேல் ஒன்று மோதியது. மீண்டும் சீர். மீண்டும் மோதல். ஓரிடத்தில் அரை டிக் மட்டுமே ஒலித்து அறுந்தது.

“ஆளு சூப்பராப் பேசறாரு. கடிகாரம்தான் திக்குது” என்று சொல்லிப் பாம்புச்செவி சிரித்தாள்.

அக்காவின் கை ஹெட்போனின் மீது அப்படியே நின்றுவிட்டது.

“அதுவும் இல்லாம, பதினெட்டாவது நிமிஷத்துல ஒரு ஜோக் வருது. எனக்குப் புரியவே இல்லை. லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிறாங்க, இவரு இன்டர்காம்ல ‘பயப்படாதீங்க’ன்னு சொல்றாரு, சொல்லி முடிக்கிறதுக்குள்ள லிஃப்ட் மூணாவது மாடிக்கு இறங்கி, கதவு திறந்து, அந்தம்மா வெளிய வந்து, ‘நான் வந்துட்டேன், நீங்க பயப்படாதீங்க தம்பி’ங்கிறாங்க. இவரு சிரிக்கிறாரு. நீங்க விழுந்து விழுந்து சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள அவ்வளவும் எப்படி நடக்கும்? அது லிஃப்டா, ராக்கெட்டா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் போல அக்கா விழித்தாள். பின்னர் கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

பாம்புச்செவியின் சிரிப்பு அடங்கியது. சற்று நேரம் நகத்தைக் கடித்தாள். “நான் ஒப்பம் போட முடியாதுக்கா. ஆனா போய்ச் சொல்லவும் மாட்டேன்” என்றாள். அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். ‘பேசியவர் தாமாகவே விலகிக்கொள்கிறார்’ என்று அதன் தலைப்பில் அச்சிடப்பட்டிருந்தது. “இதுல அவரு கையெழுத்துப் போட்டாப் போதும். காரணம் கேக்க மாட்டாங்க, கேக்கக் கூடாதுன்னு ரூல். பதிவை அழிச்சிடுவாங்க. விலகினவரை மறுபடி எடுக்கக் கூடாது. நீங்க வேற ஒருத்தரைப் பிடிச்சு, ஒரு வாரத்துல பன்னண்டாவதை முடிச்சுடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள புரொஃபசர் மேடம்கிட்ட இதைக் குடுத்தா ஒரு வாரம் கூடுதலாத் தருவாங்க.”

“இல்லைன்னா?”

“ஒண்ணை வெட்டினது தெரிஞ்சா, பன்னண்டும் போச்சு. அதுவும் ரூல்தான்.”

ஈராண்டுப் படிப்பு ஒரு தாளில் தொங்குவதை அக்கா கண்டாள். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பதிவில் கோளாறு என்று தம்பியிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தம்பி அன்று பன்னிரண்டு மாடிக் கட்டடமொன்றின் உச்சியில், லிஃப்டின் எந்திர அறையில் வேலையாக இருந்தான். கடைசி மாடியிலிருந்து இரும்புப் படிகளில் ஏறிச் செல்ல வேண்டும். தாழ்ந்த கூரை, நடுவில் மோட்டார், அதன் சக்கரத்தின் பள்ளங்களில் ஐந்து இரும்புக் கயிறுகள் இறுகக் கிடந்து, தரையிலுள்ள துளைகளின் வழியே இருளுக்குள் இறங்கின. அவன் மசகு படிந்த துணியால் கயிறுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அறுந்த இழை உண்டா என்று விளக்கொளியில் ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“எ-என்னக்கா, இங்க வரைக்கும்?”

“ஒரு கையெழுத்து வேணும்டா.”

“சொ-சொ-சொத்து எதையாவது எழுதிக் குடுக்கணுமா?”

“உன் சொத்து இந்த ஸ்பேனர் ஒண்ணுதான். அதை நீயே வெச்சுக்க.”

கருவிப் பெட்டியைத் துடைத்து அவளை அதன்மீது உட்காரச் செய்தான். அவள் தாளை நீட்டி, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தாள்: பதிவில் கோளாறு, கருவி சரியாக வேலை செய்யவில்லை, இத்தாளில் ஒப்பமிட்டால் போதும். அவன் விரல் மசகு படாமல் தாளின் ஓரத்தைப் பிடித்துப் படித்தான்.

“ந-ந-நான் எப்ப விலகினேன்?”

“சும்மா ஃபார்ம்டா அது. அப்படித்தான் அச்சடிச்சிருக்காங்க.”

“அ-அப்ப மறுபடி பேசறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வ-வரவா?”

“வேண்டாம்டா, நாள் இல்லை. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அவன் முகம் வாடிற்று. அவள் எதிர்பாராதது அது. தொல்லை விட்டது என்று மகிழ்வான் என்றே எண்ணியிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, ஓர் எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி, மோட்டாரின் மீது வைத்தான்.

இனிய பெண் குரலொன்று வந்தது. “வணக்கம். பணி முடிந்ததைப் பதிவு செய்ய, உங்கள் பணியாளர் எண்ணைச் சொல்லவும்.”

“நா-நா-நா...” அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஒலி நின்றது.

“மன்னிக்கவும். பதில் கிடைக்கவில்லை. உங்கள் பணியாளர் எண்ணைச் சொல்லவும்.”

“நா-நா-நாலு, ஏ-ஏ...”

“மன்னிக்கவும். பதில் கிடைக்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்படுகிறது. நன்றி.”

“ந-நன்றி வேற” என்றான் தம்பி.

அவன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டே, நிதானமாக, இடையிடையே நின்று நின்று சொன்னான். சென்ற ஆண்டு முதல் கம்பெனியில் எல்லாப் பதிவுக்கும் இந்த இயந்திரம்தான். கூட வேலை செய்பவர்தாம் அவனுக்காகவும் பேசித் தருகிறார். மேஸ்திரி பொறுப்பு அவனைத் தாண்டி, அவனிடம் வேலை கற்றவனுக்குப் போயிற்று. “மோ-மோட்டாரைக் கழட்டி மாட்டத் தெரியுது, ஃபோன் பேசத் தெ-தெரியலையாம்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லலை?”

“சொ-சொன்னா நீயே ஃபோன் பண்ணிப் பேசிடுவே.” மோட்டாரின் மீதிருந்த தொலைபேசியை எடுத்துப் பையில் போட்டான். “நீதானே சொன்னே, ஃபோன் கம்பெனிக்காரனும் அதை வாங்கிட்டுப் போவான்னு. எ-என்னை மாதிரி ஒருத்தனை ஒரு மணி நேரம் கேட்டா, கொ-கொஞ்சம் பொறுத்துப் பார்க்க அந்த மெஷின் கத்துக்குமேன்னு நினைச்சேன். அ-அதுக்குத்தான் வந்தேன். உன் பட்டத்துக்கா வந்தேன்?”

தாயும் பிள்ளையுமே ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். தன் கூடப்பிறந்தவன் எதற்காக வாய் திறந்தான் என்பதை அறியாமலே அவன் வாயை அவள் திருத்தியிருந்தாள். அவன் கொண்டு வந்து கொடுத்தது எதுவோ, அதையே அவள் பிசிறு என்று நறுக்கித் தள்ளியிருந்தாள்.

“மெஷின் கோளாறு இல்லைடா” என்றாள். “நான்தான் வெட்டினேன்.”

“எ-எதை?”

“நீ நிக்கிற இடத்தையெல்லாம்.”

கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். வேறொரு லிஃப்டின் மோட்டார் சுவருக்கு அப்பால் உறுமி அடங்கிற்று. அது அடங்கும்வரை இருவரும் காத்திருந்தனர்.

“எ-எவ்வளவு?”

“இருபத்தொரு நிமிஷம்.”

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் துணியைப் பிரித்தான், மடித்தான், மீண்டும் பிரித்தான்.

“அ-அதையும் நான்தானே பேசினேன்” என்றான்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை நேராகப் பார்த்தான்.

“ஸ்கூல்ல வாத்தியார் என்னை எழுப்பி நிக்க வெச்சா, நீ ப-பக்கத்து வகுப்பிலேர்ந்து ஓடி வந்து ஜன்னல் வழியா எனக்குப் பதிலாப் படிப்பே. எல்லாரும் உன்னை மெச்சுவாங்க. ந-நான் எப்பவாவது உன்னைப் படின்னு கேட்டேனா?”

இத்தனை ஆண்டுகளாக அவள் தன் வாழ்வின் நற்செயல்களுள் முதலாவதாக வைத்திருந்தது அது. அவன் அதனை ஒரு கேள்வியில் தலைகீழாக்கிவிட்டு, விரல்களை நன்றாகத் துடைத்து, பேனாவை வாங்கி, தாளில் தெளிவாக ஒப்பமிட்டான்.

“இ-இந்தா. உன் படிப்பு கெடக் கூடாது. கஷ்டப்பட்டுப் படிச்சே.”

பிறகு குனிந்து மூன்றாவது கயிற்றைத் துடைக்கத் தொடங்கினான். அவள் இரும்புப் படிகளில் இறங்கும்வரை நிமிரவில்லை.

இரண்டு நாள்கள் அத்தாள் அவளுடைய பையில் இருந்தது. ஒப்பம் உண்மை, தேதி உண்மை, தலைப்பு மட்டும் பொய். அந்தப் பொய்யும் அவள் பெயரில் இல்லை, தம்பியின் பெயரில் இருந்தது. கொடுத்துவிட்டால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. வகுப்பில் தன்னைவிட இருபது ஆண்டு இளையவர்களோடு போட்டியிட்டு வாங்கிய மதிப்பெண்களை எண்ணிப் பார்த்தாள். ஆலையில் உடன் நின்றவர்கள், ‘நம்மில் ஒருத்தி பெரிய படிப்புப் படிக்கிறாள்’ என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பதை எண்ணினாள். இன்னுமோர் ஆண்டு என்று போய் நின்றால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் எண்ணினாள். எண்ண எண்ணத் தாள் கனத்தது.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியரின் அறைக்குச் சென்றாள். களஞ்சியத்தைத் தொடங்கி நடத்தி வருபவர் அவர், ஐம்பது வயதைக் கடந்தவர், குறைவாகப் பேசுபவர். மேசையில் ஆறிப்போன தேநீர் இருந்தது. அக்கா இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று தம்பி ஒப்பமிட்ட படிவம். மற்றொன்று அவளே தன் கையால் எழுதியது: எந்த நாள்களில், எத்தனை இடங்களில், எதனை வெட்டினாள், மூலப்பதிவு எவ்வாறு அழிந்தது என்பன அதில் வரிசையாக இருந்தன.

பேராசிரியர் இரண்டையும் படித்தார். படிவத்தைக் கையில் எடுத்தார்.

“இதை மட்டும் குடுத்திருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன் இதையும் எழுதினீங்க?”

“அவன் விலகலை மேடம்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மத்த பதினொண்ணு?”

“அதுல கை வைக்கலை. ஒரு ‘ம்’ கூடக் குறையாது.”

“நான் நம்பறேன். உங்களை எனக்குத் தெரியும். ஆனா இதைக் கேக்கப்போறவங்களுக்கு உங்களைத் தெரியாதே. எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு, ஒரு மருந்தோ மெஷினோ இதை நம்பிச் செய்யப் போறாங்க. அவங்ககிட்டப் போய், ‘ரொம்ப நல்லவங்க, பன்னண்டுல ஒண்ணை மட்டும்தான் வெட்டினாங்க’ன்னு நான் சொல்ல முடியுமா?”

“முடியாது மேடம்.”

“வீட்டு ஆளுங்களைப் பதிவு பண்ணும்போது மாணவங்க கொஞ்சம் அழகுபடுத்தறது எனக்குத் தெரியும். எத்தனை வருஷமா நடக்குதோ. வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதுக்காக ரூலை மாத்த முடியாது. மாத்தணும்னு நீங்களும் கேக்க மாட்டீங்க.”

“கேக்க மாட்டேன்.”

அவ்வாறே பன்னிரண்டும் நீக்கப்பட்டன. ஓட்டுநரும், செவிலியும் அவளுடைய நான்கு கொட்டாவிகளும், நீச்சல் பயிற்சியாளரும் போயினர். அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். களஞ்சியத்தின் பிழைப் பதிவேட்டில் நடந்ததை எழுதச் சொன்னார் பேராசிரியர். அது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஏடு. அக்கா எழுதினாள். ‘அன்பினால்’ என்று ஒரு சொல் வந்தது, அடித்துவிட்டாள். ‘பேசியவரிடம் கேளாமல்’ என்று எழுதினாள். தம்பி ஒப்பமிட்ட படிவத்தைப் பேராசிரியர் கிழிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதனை மாலையில் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவன் வேலை முடிந்து, கட்டடத்தின் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். கடிகாரம் காட்டிக்கொடுத்தது முதல் நடந்த அனைத்தையும் கேட்டதும், “ம-மக்கு. ஒரு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கே” என்றான். ஆனால் தாளை வாங்கி, நனைந்த கையாலேயே நான்கு துண்டாகக் கிழித்தான்.

“மறுபடி பேசுவியாடா?” என்று கேட்டாள்.

அவன் கைகளை உதறி உலர்த்தினான். நெடுநேரம் உலர்த்தினான்.

“பே-பேசுவேன்” என்றான். “உ-உன்கிட்ட இல்லை.”

அவள் தலையசைத்தாள். வலித்தது, ஆயினும் நியாயமான வலி என்று பட்டது.

“அ-அந்தக் கடிகாரத்தைப் பிடிச்ச பொண்ணு இருக்கால்ல. அதுகிட்டப் பேசறேன்.”

பாம்புச்செவி தன் பன்னிரண்டையும் என்றோ முடித்து ஒப்படைத்தவள். பதிமூன்றாவதால் அவளுக்கு மதிப்பெண்ணும் இல்லை, பயனும் இல்லை. “அண்ணனுக்கு எப்ப வசதி?” என்று மட்டும் கேட்டாள்.

பதிவு துறையின் ஒலியறையில் நடந்தது. தடித்த மெத்தைச் சுவர்களும் இரட்டைக் கதவும் உடைய சிறு அறை அது. உள்ளே நடப்பது வெளியில் ஓர் அணுவும் கேட்காது. பதிவு செய்பவரையும் பேசுபவரையும் தவிர வேறெவரும் உள்ளே இருத்தல் கூடாது. ஆகவே அக்கா நடைவழியிலுள்ள மரப்பலகையில் அமர்ந்திருந்தாள். கதவின் மீது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் எந்தச் சொல்லில் நிற்கிறானோ, பாம்புச்செவி அவனுக்காகப் பொறுத்திருக்கிறாளோ என்று அவள் மனம் கதவைச் சுற்றியே வந்தது. வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாகக் கடந்து சென்றனர். மீண்டும் நடைவழி காலியாயிற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கதவு திறந்து தம்பி வெளியே வந்தான். நெற்றி வியர்த்திருந்தது. கடின வேலை ஒன்றை முடித்தவனின் களைப்பு அவன் தோள்களில் இருந்தது.

“எவ்வளவு நேரம்டா பேசினே?”

“அ-அது எதுக்கு உனக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை. இருவரும் ஒன்றாகப் படியிறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தனர்.

உறவினர் இரண்டாம் செவியாக இருக்கவும் விதியில் இடமில்லை. ஆகவே ஐந்து மாதங்கள் கழித்து அப்பதிவு பொதுவில் வைக்கப்பட்டபோது, உலகிலுள்ள பிறரைப் போலவே அக்காவும் அதனைக் கேட்டுப் பெறும் விண்ணப்பத்தை நிரப்பினாள். அப்போது அவள் புதிய பன்னிரண்டில் நான்காமவரை முடித்திருந்தாள். விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் ஆய்வு, கற்பித்தல், கருவி உருவாக்கம், பிற என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அவளுக்கு முன் அப்பதிவைப் பெற்ற மூவருள் இருவர் கருவி உருவாக்கத்தைக் குறித்திருந்தனர். அவள் ‘பிற’ என்பதைக் குறித்தாள். அருகில் விளக்கம் எழுத ஒரு கோடு விடப்பட்டிருந்தது.

‘இடையில் நிறுத்தாமல் ஒருமுறை கேட்பதற்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சன்னலோரக் கணினியில் அமர்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு மணி நான்கு நிமிடங்கள் என்று திரை காட்டியது. அன்று அவள் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.